படுக்கவைத்த சிலிண்டர்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்காக யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். ஐஸ், தண்ணீர், ஆவி என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் உண்டாமே, அந்த மூன்றையும் வைத்துத்தான் நான் மேலே வந்தேன். முதலில் ஐஸ் பாளத்தை உமி போட்டு, சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி மிதித்தேன். கடைக்குப் போய்ச் சேருவதற்குள் எவ்வளவு கரையும் என்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்புறம் கேன் தண்ணீர். அப்புறம் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி இட்லி. குண்டானிலிருந்து வரும் ஆவியின் வாசனையை வைத்தே இட்லி வெந்ததா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். படித்தவன் எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

கம்பெனிகள் வரிசையாக வந்தபோது எங்கள் பக்கத்து ஆட்கள் நிலத்தை விற்றுக் கார் வாங்கினார்கள். நான் அண்டா வாங்கினேன். ஒரகடம் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த சமயம். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஷீட் கொட்டகையில் சமையல் போட்டேன். கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குப் பகல் சாப்பாடு, நானூறு பேருக்கு. பன்னிரண்டேகாலுக்கு வண்டி கம்பெனி கேட்டுக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு உற்பத்தி லைனை நிறுத்துவார்கள். அரைமணி நேரம்தான், மறுபடி லைன் ஓடும்.

அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை வண்டி லேட். ஒரு தடவை மழை, ஒரு தடவை டயர். கேன்டீன் பார்க்கிற ஆபீசர் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "மூணாவது தடவை லேட்டானா சாப்பாட்டைக் கேட்டுலயே திருப்பிடுவேன். அப்புறம் நீங்க வரவே வேணாம்."

தள்ளுவண்டியில் ஆரம்பித்தவனுக்கு அந்தக் கேட் என்றால் என்ன என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தக் கேட்டுக்குள் போகிற வண்டியின் முன்சீட்டில் தினமும் நானே உட்கார்ந்து போவேன். வாட்ச்மேன் சல்யூட் அடிப்பார்.

கொட்டகையில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். அதில் இருவரைச் சொன்னால் போதும். ஒருவர் சமையல் மாஸ்டர், திருநெல்வேலிப் பக்கம். எண்ணெய் பற்றிக்கொண்டால்கூட நிதானமாக மூடியைத் தேடுகிற மனுஷன். இன்னொருத்தி பிள்ளைப்பாக்கத்துப் பெண். காய் நறுக்க வந்தவள், கைப்பக்குவத்தைப் பார்த்து சாம்பாரை அவளிடம் விட்டேன். பத்தாவதைத் தனியாக எழுதிக் கணக்கில் கோட்டை விட்டவள். ஆனால் சயின்ஸில் எழுபத்தெட்டு. அந்த எழுபத்தெட்டைச் சொல்லாத நாள் கிடையாது. அதனால் கொட்டகையில் அவளுக்குப் பேரே சயின்ஸம்மா.

"உப்பு கரைஞ்சாகூட இன்னாத்துக்குக் கரைஞ்சுதுன்னு கிளாஸ் எடுக்கும் இது" என்று நான் கிண்டல் செய்வேன்.

"தெரியுதே, சொல்றேன். தெரியாதவங்க கேட்டுக்கினு போவலாமில்ல" என்பாள் சாம்பாரிலிருந்து கரண்டியை எடுக்காமல்.

நான் சொல்லப்போகிற நாள் மார்கழியில் ஒரு நாள். விடிந்ததிலிருந்து தூறல், நல்ல குளிர். கொட்டகையில் மூன்று பெரிய கேஸ் அடுப்பு. சுவரோரம் சிலிண்டர். அரிசி கழுவும் தண்ணீர் வழிந்து போகத் தரையைப் பின்பக்கம் சாய்வாகப் போட்டு, சுவர் அடியில் ஓர் ஓட்டை விட்டிருந்தேன். அந்தச் சுவருக்குப் பின்னால் இரண்டு படி இறங்கினால் ஒரு சாய்ப்பு, சரிவாக இறக்கிய கூரை. அங்கேதான் சாம்பார், சவுக்கு விறகில். விறகில் கொதித்தால்தான் அது சாம்பார் என்பது என் கட்சி.

பத்தரைக்கு முதல் அண்டா சோறு இறங்கியது. இரண்டாவதை ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, தீ அமுங்குது. பாருங்க."

சீறிக்கொண்டிருந்த அடுப்பு முணுமுணுத்தது. ஓடிக்கொண்டிருந்தது இரண்டு சிலிண்டர். இரண்டின் அடிப்பாகத்திலும் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. தொட்டேன், விரல் ஒட்டியது. நான் மிதித்து விற்ற ஐஸ் பாளம் ஞாபகத்துக்கு வந்தது. புதுச் சிலிண்டர் கொண்டுவர வேண்டிய வண்டி அன்றைக்கு வரவில்லை. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை. நான் ஒரு சிலிண்டரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். தளக், தளக் என்றது.

"உள்ளாற நெறைய கீது. வெளிய வர மாட்டேங்குது" என்றேன்.

"சுடுதண்ணியில நிக்க வைப்போமா?"

"தண்ணி சுட வெக்க அடுப்பு எங்க கீது? மணியப் பாரு. படுக்க வை."

படுக்கவைப்பது எனக்குப் புதிது இல்லை. இட்லி வண்டியில் எத்தனையோ சிலிண்டரைப் படுக்கவைத்துக் கடைசி ஈடு எடுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இதைச் செய்யாதவன் கிடையாது. ஆனால் நான் படுக்கவைத்தது எல்லாமே தீர்ந்துபோன சிலிண்டர். பாதி நிறைந்ததைப் படுக்கவைத்ததே இல்லை. அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

சயின்ஸம்மா கையில் கரண்டியோடு படியேறி வந்துவிட்டாள்.

"அண்ணா, படுக்க வெக்காதீங்க. உள்ள இருக்கிறது திரவம். நிக்கவெச்சா அதுக்கு மேல ஆவி நிக்கும், அதுதான் டியூப்ல வரும். இப்போ குளிர்ல ஆவி எழும்பல, அவ்ளோதான். படுக்க வெச்சீங்கன்னா திரவமே வாயாண்ட வந்துடும்."

"வரட்டுமே. அதுவும் எரியறதுதானே?"

"கொஞ்சூண்டு வெளிய வந்தாலும் கொட்டகை முழுக்க விரியும்ணா. வாயு ஒரு எடத்துல நிக்காது. சயின்ஸ்ல..."

"எழுவத்தெட்டு. தெரியும். போய் சாம்பாரப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் படி இறங்கிப் போனாள். மணி பத்து ஐம்பது. இரண்டாவது அண்டாவில் அரிசி பாதி வெந்து நின்றது. இன்னும் தள்ளினால் விறைத்துப்போகும்.

அடுப்பு மூன்றையும் அணைத்தோம். ஒரு சிலிண்டரைப் படுக்கவைத்து, அடிப்பக்கம் செங்கல் கொடுத்து, வாய்ப்பக்கத்தைத் தாழ்த்தினேன். ஸ்பேனரை நானேதான் பிடித்தேன். வால்வை நானேதான் திறந்தேன்.

டியூப் விறைத்தது. அடுப்பை நோக்கி ஒரு முழம் துள்ளியது. பட்டென்று அடுப்புப் பக்கம் கழன்றது.

கேஸ் வெள்ளையாக வந்தது. புகை என்றால் மேலே போகும். இது மேலே போகவில்லை. தரையில் இறங்கி, தண்ணீர் மாதிரியே சாய்வைக் கண்டுபிடித்து, அரிசி கழுவும் தண்ணீர் தினமும் போகிற அதே வழியில் போனது. கணுக்கால் உயரத்துக்கு, நடக்கிற வேகத்தில், சத்தமில்லாமல். அது போகிற இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் சவுக்கு விறகு எரிந்துகொண்டிருந்தது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.

யாரோ ஃபேனைப் போடக் கையை நீட்டினார்கள். "சுவிட்சைத் தொடாதீய! எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க!" என்று மாஸ்டர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். நனைந்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அந்த வெள்ளைக்குள் குனிந்து வால்வைப் பிடித்தார். பனி கட்டிய வால்வு திரும்பவில்லை. சாக்கு நழுவியது. வெறுங்கையால் பிடித்தார்.

நான் பின்பக்கம் ஓடினேன். படியில் நின்று பார்த்தபோது ஓட்டை வழியாக வெள்ளை நுனி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கும் அதற்கும் நாலு முழம் இருக்கும்.

இந்தக் கதையைப் பல கல்யாணப் பந்திகளில் சொல்லியிருக்கிறேன். இந்த இடம் வரும்போதெல்லாம் 'நான்' என்றுதான் சொல்லிவந்தேன். நான் இல்லை. சயின்ஸம்மாதான்.

சாய்ப்புக்கு மூன்று பக்கமும் திறந்த வெளி. அவள் பாட்டுக்கு வெளியே ஓடியிருக்கலாம். அண்டாவைத் தூக்க வைத்திருந்த மூங்கில் கழியை அடியில் கொடுத்து, உடம்பையே அதன்மேல் சாய்த்து நெம்பினாள். நானூறு பேர் சாம்பார் அப்படியே விறகின்மேல் கவிழ்ந்தது.

"அடிப்பாவி! சாம்பாரு!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

புஸ்ஸென்று சாம்பலும் நீராவியும் கூரை வரை எழும்பின. அவள் பருப்பு களைந்த தண்ணீரையும் தூக்கி ஊற்றினாள். ஒரு கொள்ளி ஓரத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது. அதைக் கழியால் இழுத்துச் சாம்பார்க் குட்டையில் அமுக்கினாள். பிறகு என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினாள். திரும்பிப் பார்த்தேன். வெள்ளை வந்துவிட்டது. முருங்கைக்காய்த் துண்டுகள்மேல், கறுத்த விறகின்மேல் மெதுவாகப் பரவியது. ஒன்றும் நடக்கவில்லை.

தூறலில், ரோட்டோரம் ஒன்பது பேரும் நின்றோம். எண்ணிப் பார்த்தேன், திரும்ப எண்ணினேன். கடைசியாக வந்த மாஸ்டர் வால்வை மூடிவிட்டதாகச் சொன்னார். அவர் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே சாம்பார் பட்டிருந்தது. ஒருவருக்குக் குளிர், ஒருத்திக்குக் கொதி. இரண்டு பேருக்கும் கொப்புளம் ஒரே மாதிரிதான் எழும்பியது.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த வழி திட்டுவதுதான்.

"உன்ன யாரு கொட்டச் சொன்னது? என் கேட்டே போச்சு. போ வூட்டுக்கு!"

அவள் காலை இழுத்துக்கொண்டு நடந்தே போனாள்.

காற்று வாங்கவிட்டு, கொட்டகைக்குள் போனபோது மிஞ்சியது ஓர் அண்டா சோறும், பொரியலும், தயிரும். அதை ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் மணி பன்னிரண்டு ஐம்பது. வாட்ச்மேன் சல்யூட் அடிக்கவில்லை, கம்பியைத் தூக்கவும் இல்லை. ஆபீசர் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "சாம்பார் எங்கே?" என்றார். ரோட்டில் லாரி மறித்துவிட்டது, ஆட்டத்தில் கொட்டிவிட்டது என்று சொன்னேன். அவர் கையை மட்டும் அசைத்தார், திருப்பு என்று.

டிரைவர் எங்கே போவது என்று கேட்டார். பிள்ளைப்பாக்கம் என்றேன்.

அவள் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புண்ணில் இட்லி மாவு பூசியிருந்தது.

"இன்னாண்ணா, சாம்பாருக்குக் கணக்குக் கேக்க வந்தீங்களா? நான் கணக்குல பெயிலு."

"கேட்டுல திருப்பிட்டான்."

வண்டியை எட்டிப் பார்த்தாள். "எத்தினி பேரு பசியோட நின்னாங்க?"

"நானூறு பேரு."

"நாம ஒம்போது பேரும் வூட்டுக்கு வந்துட்டோமில்ல" என்றாள்.

வண்டியிலிருந்த தயிர்ச் சோற்றை அவள் தெருவுக்கே பரிமாறச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். அப்புறம் வேலைக்கும் வா என்றேன்.

"வரேன். ஆனா சிலிண்டர் ஸ்பேனர் என்னாண்டதான் இருக்கும்."

அந்தக் கேட் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. வேறு கேட்டுகள் பிடித்தேன், பிடிக்காமல் விடுவேனா? ஆனால் எந்தச் சமையலிலும் ஸ்பேனர் அவள் இடுப்பில்தான். முதலாளி நானே ஆனாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் உடனே தரமாட்டாள். எல்லார் முன்னாலும் கேள்வி கேட்பாள்.

"நிக்கவெச்சா இன்னா வரும்?"

"ஆவி."

"படுக்கவெச்சா?"

"திரவம்."

"வெளிய வந்தா எங்க போவும்?"

"பள்ளத்துக்கு."

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.