கடிகாரத்தை அமுக்க மறந்த ஆட்டம்

நான் செஸ் கற்றுக்கொண்டதும் ஆடியதும் போனில்தான். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். காயை நகர்த்தினால் போதும், நம் கடிகாரம் தானாக நின்று எதிராளியுடையது ஓடும். தோற்கப்போகிற ஆட்டத்தில்கூட, எதையாவது சரசரவென்று நகர்த்தி, எதிராளியின் நேரத்தைத் தீர்த்து ஜெயித்திருக்கிறேன்.

போன வருடம் கள்ளக்குறிச்சிக் கல்யாண மண்டபம் ஒன்றில் போட்டி நடந்தது. ஆளுக்கு அரை மணி நேரம். நேரில் உட்கார்ந்து நான் ஆடிய முதல் போட்டி அது. எதிரே வந்தவர் கச்சிராயபாளையத்துக்காரர், பேங்க்கில் வேலை பார்க்கும் பெண், என்னைவிட மூத்தவர். அவருக்குப் பார்வை கிடையாது. காய்களைச் செருகி வைக்கத் துளை போட்ட பலகை ஒன்று அவர் முன்னால் இருந்தது. என் முன்னால் வழக்கமான பலகை. ஒருவர் நகர்த்தியதை வாயால் சொல்ல, மற்றவர் தன் பலகையில் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

“குதிர, எஃப் மூணு” என்று சொல்லி நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் காய்களைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“கடிகாரத்த அமுக்கலீங்களே. உங்க டைம்தான் ஓடிக்கினு கீது.”

நேரில் ஆடும்போது, நகர்த்தியதும் நாமே அமுக்கினால்தான் நம் கடிகாரம் நிற்கும். பதறிப்போய் அமுக்கினேன். “எப்பிடிக்கா தெரிஞ்சிது?”

“சத்தம் கேக்கலியே.”

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். என் நேரத்திலேயே நிதானமாக யோசித்திருக்கலாம். அதற்குப் பிறகும் நான் மறந்தேன். மறந்தபோதெல்லாம் மேசையில் விரலால் மெல்லத் தட்டினார்.

தடவிப் பார்த்து, வாயால் சொல்லி ஆடியதில் கடைசியில் அவருக்கு நேரம் கொஞ்சம்தான் மிஞ்சியது. எனக்கு நிறைய இருந்தது, ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. பழைய புத்தி வந்துவிட்டது. ராஜாவை இங்கும் அங்கும் வேகவேகமாக நகர்த்தினேன். அவர் குரல் தடுமாறவில்லை, விரலும் அவசரப்படவில்லை.

“செக்மேட்டுங்க” என்றார். கடிகாரத்தில் சில நொடிகள் பாக்கி இருந்தன. இப்படி ஒருவரிடம் தோற்றதில் எனக்கு வருத்தமே வரவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போவார் என்று நினைத்தேன். அவரோ காய்களை மளமளவென்று மாற்றிச் செருகினார். ஆட்டத்தின் நடுவிலிருந்த நிலை அப்படியே வந்து நின்றது.

“இங்க ரொம்ப நேரம் சத்தமே இல்லாம இருந்தீங்க. அப்ப இன்னா பாத்தீங்க?”

இத்தனை ஆட்டம் ஆடியும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

“குதிரைய குடுத்துட்டு உங்க ராஜாவ புடிக்கலாமான்னு பாத்தேங்க்கா. பயந்துகினு வுட்டுட்டேன்.”

“நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். ஐயோ, குடுத்துடுவீங்களோன்னு எனக்கு வேர்த்துப் பூட்ச்சி” என்று வாய்விட்டுச் சிரித்தார்.