முனிலட்சுமியின் நீர்வண்டியும் மூன்றாவது ஞாயிறும்

தண்ணீரிலேயே மிதக்கும் ஒரு எஞ்சின், தண்ணீர் கிடைக்காமல் எப்படிக் காயும்? தொடர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குருபரப்பள்ளிக்குப் பக்கத்து ஏரிக்கரையில் நின்றிருந்த யாருக்கும் இதற்கு விடை தெரியவில்லை. இதை எழுதும் எனக்கும் அன்று தெரியவில்லை. விடையைக் கண்டுபிடித்தவள் முனிலட்சுமி. அவள் அதைக் கண்டுபிடித்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

முனிலட்சுமிக்கு முப்பத்து நான்கு வயது. ஓசூரில் ஒரு எஞ்சின் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பதினொரு ஆண்டாக வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் ஏறுவாள். முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு எஞ்சினையும் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பாள். நாற்பத்திரண்டு கேள்விகள் அச்சிட்ட தாளில் ஒவ்வொன்றாக டிக் போடுவாள். எல்லாம் சரியென்றால் பச்சை ஸ்டிக்கர். ஒட்டிய கணமே அந்த எஞ்சின் யாருடையதோ ஆகிவிடும். பதினொரு ஆண்டில் அவள் கையால் பச்சை வாங்கிப் போன எதையும் அவள் ஓட்டிப் பார்த்ததில்லை.

நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீயை அவள் முதலில் பார்த்தது பஸ்ஸில், கைப்பேசியில். அதற்கு இருக்கையே இல்லை. குறுகலான ஒரு படகு, அதன் மூக்கில் கீல் வைத்துப் பொருத்திய நீளமான கம்பம், கம்பத்தின் நுனியில் ஹேண்டில்பார், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் பின்னால் இருக்கும் தட்டில் நிற்க வேண்டும். படகின் அடிவயிற்றில் உள்ள ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும். உள்ளே சுழலும் இறக்கை அதைப் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும். அந்த உதையில் வண்டி பாயும். சூளகிரி தாண்டி ஓசூர் வரும்வரை அவள் அந்த ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இறங்கும்போது அதைச் செய்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

செய்து முடிக்க இரண்டு ஆண்டு ஆனது. தம்பி ஹரீஷ்குமாருக்கு ஜூஜுவாடியில் லாரிகளுக்கு ஃபைபர் கூரை செய்யும் பட்டறை உண்டு. படகின் உடலை அவன் வார்த்துக் கொடுத்தான். எஞ்சினும் பம்பும் பெங்களூரில் பழைய நீர்வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையிலிருந்து வந்தன. மற்றதெல்லாம், கடைசி போல்ட் வரை, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் அவள் கையால் பூட்டியது.

அம்மா ஜோதியம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஊர்ல அல்லாருக்கும் வாரத்துக்கு ஏழு நாளு. உனக்கு மட்டும் ஆறு. ஞாயித்துக்கிழமைய இந்தப் படகு தின்னுடுச்சி."

"மூணே ஞாயிறு குடும்மா. ஓடலன்னா நானே பிரிச்சி அந்தக் கடையிலயே போட்டுட்டு வந்துடறேன்."

மூன்று என்று அவள் சும்மா சொல்லவில்லை. ஏரியை மீன் வளர்ப்புக்குக் குத்தகை எடுத்திருந்த திம்மராயன் அவளுக்குக் கொடுத்த கணக்கு அது. மூன்றாம் ஞாயிறு முடிந்து புதன்கிழமை மீன்குஞ்சு விடுவார். அப்புறம் ஏரியில் எந்த எஞ்சினும் இறங்கக் கூடாது. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் முனிலட்சுமிக்கும் இல்லை, அவள் அம்மாவுக்கும் இல்லை.

முதல் ஞாயிறு, மாமரங்கள் பூத்திருந்த தை மாதக் காலை. டிராலியில் ஏற்றி ஏரிக்கரைக்குக் கொண்டு வந்தார்கள். புது வண்டிக்குப் பூசை இல்லாமல் முடியுமா? சந்தனம், குங்குமம், சாமந்திப் பூ, சூடம் எல்லாம் ஆயிற்று. ஜோதியம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏண்டி, சக்கரமே இல்லாத வண்டிக்கு இதை எங்க வெக்கறது?"

ஹரீஷ்குமார் சிரித்தான். "அடியில வாயி இருக்குதே, அதுல வெய்யிம்மா. ஸ்டார்ட் பண்ணா அதுவே நசுக்கிக்கும்."

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஜோதியம்மாள் குனிந்து, உறிஞ்சும் வாயின் கம்பிகளுக்கு நடுவே பழத்தைச் செருகினாள். வண்டி தண்ணீரில் இறங்கியது. முனிலட்சுமி மிதவைச் சட்டை போட்டு, எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, தட்டில் முழங்காலிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

எஞ்சின் உறுமியது. படகின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பம்பு பீய்ச்சும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு குழாய் வழியாக எஞ்சினைச் சுற்றிக் குளிர்வித்துவிட்டு அந்த ஓட்டை வழியே வெளியே வரும். அந்தத் தண்ணீர் நூல் போலப் பாய்ந்துகொண்டிருந்தால் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். பத்து எண்ணுவதற்குள் நூல் மெலிந்தது; இருபதில் அறுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கயிற்றை இழுத்து நிறுத்திவிட்டாள். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கும். இரண்டாவது எஞ்சின் தேட அவளுக்கு வழி இல்லை.

"என் எருமை இதைவிட தூரமா போவும்," என்றார் திம்மராயன்.

"உங்க எருமைக்கு ரிவர்ஸ் வராதுண்ணா," என்றாள் அவள். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து, எஞ்சினின் தண்ணீர்க் குழாயில் வீட்டுக் குழாயை மாட்டித் திறந்தாள். பக்க ஓட்டையில் நூல் அழகாகப் பாய்ந்தது. ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டாள். விளக்கு எரியவே இல்லை. குறை இருந்த இடமே தெரியவில்லை.

ஆனாலும் அந்த வாரம் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினாள். எஞ்சின் தலையைத் திறந்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டையும் மாற்றினாள். இரண்டாவது ஞாயிறு மறுபடி சூடம், மறுபடி பூ, மறுபடி எலுமிச்சம்பழம். மறுபடி பத்தில் மெலிந்து இருபதில் அறுந்தது நூல்.

"ஆயித்தா? முடிஞ்சிச்சா?" என்று கேட்ட திம்மராயன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேலி பேசாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

மறுபடி ஷெட். மறுபடி வீட்டுக் குழாய். மறுபடி எல்லாம் சரி. ஏரியில் நோயாளி, ஷெட்டில் ஆரோக்கியசாலி. அன்று தண்ணீர் விட்டுக் கழுவியபோது படகின் அடியிலிருந்து இரண்டு மூன்று வெள்ளை விதைகள் தரையில் விழுந்தன. ஜோதியம்மாள் அவற்றை மற்ற குப்பையோடு பெருக்கித் தள்ளினாள்.

தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குறை வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். அதற்கு 'வொய்-வொய்' என்றே பெயர். எஞ்சின் ஏன் காய்ந்தது? தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை? வழி அடைத்திருக்கிறது. எது அடைத்தது? இந்த இடத்தில் முனிலட்சுமி நின்றுவிட்டாள். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் பஸ்ஸில் அதே கேள்வி. பக்கத்தில் உட்காரும் ஸ்வாதி அதே பிரிவில் வேலை செய்பவள். வியாழக்கிழமை அவளே கேட்டாள்.

"லைன்ல இப்படி வந்தா என்னாக்கா பண்ணுவோம்?"

"ஓடற இடத்துக்கும் ஓடாத இடத்துக்கும் என்னா வித்தியாசம்னு பாப்போம்."

"அப்ப அதைப் பாரு."

முனிலட்சுமி ஒரு தாளில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் ஷெட், இன்னொரு பக்கம் ஏரி. ஏரியில் பாசி இருக்கிறது. ஆனால் எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாசலில் சின்னச் சல்லடை வைத்திருக்கிறாள்; ஷெட்டில் கழுவிய பிறகு பார்த்தபோது இரண்டு முறையும் அதில் பாசி இல்லை. ஏரியில் அவள் எடை வண்டி மேல் ஏறுகிறது. ஏரியில் பம்பு தானே தண்ணீர் தருகிறது, ஷெட்டில் வீட்டுக் குழாய் தருகிறது. எழுத எழுத இடம் போதவில்லை. விடை மட்டும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு. எஞ்சினைக் கொண்டுபோகப் பழைய சாக்கை ஜோதியம்மாள் முந்தின நாளே துவைத்துக் காயப்போட்டிருந்ததை முனிலட்சுமி பார்த்திருந்தாள்.

"அல்லாரும் எப்பவும் செய்யறதையே செய்யுங்க. ஆனா மெதுவா. என்னா செய்யறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்," என்றாள். கையில் தொழிற்சாலைத் தாள் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

"டிராலிய நிறுத்தறேன்," என்றான் ஹரீஷ்குமார். எழுதினாள்.

"பெட்ரோல் மூடிய முறுக்கறேன்." எழுதினாள்.

"சூடம் ஏத்தறேன்," என்றாள் ஜோதியம்மாள். அதையும் எழுதினாள். "வாயில எலுமிச்சம்பழம் வெக்கறேன்."

பேனா நின்றது.

பதினொரு ஆண்டாக அவள் பார்த்த தாள்களில் உதிரிப் பாகங்கள் மட்டுமே இருந்தன. பூசை எந்தத் தாளிலும் இல்லை. பூசை தவறாகப் போகும் என்று அவளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"அம்மா, போன வாரம் ஷெட்டுல பெருக்குனியே, அது என்னா விதை?"

ஜோதியம்மாள் கம்பிகளுக்கு நடுவே செருகிய பழத்தைப் பார்த்தாள்.

அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பம்பு பழத்தை நசுக்கிக்கொள்ளத்தான் செய்தது. ஆனால் தோலும் சக்கையும் சல்லடையில் போய் அப்பிக்கொண்டன. ஷெட்டில் வீட்டுக் குழாயை மாட்டியதும் தண்ணீர் எஞ்சினுக்குள்ளும் போனது, பின்வழியாகச் சல்லடைக்கும் போய் அப்பியதைத் தள்ளிக் கழுவிவிட்டது. குற்றவாளியை ஒவ்வொரு வாரமும் அவர்களே உள்ளே வைத்து, அவர்களே தடயமில்லாமல் கழுவியிருக்கிறார்கள்.

ஹரீஷ்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "நாந்தான் சொன்னேன் வாயில வெய்யின்னு."

"சரி, எடுத்துடும்மா," என்றாள் முனிலட்சுமி.

ஜோதியம்மாள் அசையவில்லை. "நீச்சலும் உனக்கு அரைகொறை. பழம் வெக்காம உன்னைத் தண்ணில விடமாட்டேன். அது உன் தாள்ல இல்லன்னா போவட்டும், என் தாள்ல இருக்குது."

முனிலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. அம்மா இரண்டு வாரமும் செய்தது வண்டிக்கான பூசை இல்லை, மகளுக்கான பூசை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சுற்றிலும் பார்த்தாள்.

"டிராலிக்குச் சக்கரம் இருக்குதேம்மா. என்னைத் தண்ணி வரைக்கும் தூக்கினு போறது அதுதான?"

ஜோதியம்மாள் டிராலியை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு கம்பியிலிருந்து பழத்தை எடுத்து டிராலிச் சக்கரத்தின் முன்னால் வைத்தாள். தள்ளினார்கள். சக்கரத்தின் அடியில் பழம் நசுங்கியது. சாறு மண்ணில் தெறித்தது. திம்மராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்காமலே ஒரு கை கொடுத்தார்.

எஞ்சின் உறுமியது. பத்து. இருபது. நூல் அறுபடவில்லை. முப்பது. வெயிலில் அது கம்பி போல மின்னியது. அறுபது எண்ணும்வரை முனிலட்சுமி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கம்பத்தைப் பிடித்து, முழங்காலிட்டபடியே கைப்பிடியை முறுக்கினாள்.

அதுவரை அந்த ஏரி அவ்வளவு அகலமானது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வண்டியின் மூக்கு எழுந்தது. பின்னால் வெள்ளைத் தண்ணீர் மதகு திறந்தது போல் சீறியது. அவள் ஒரு காலை ஊன்றினாள், ஆடினாள், மறு காலை ஊன்றினாள். நின்றாள். கொக்குக் கூட்டம் ஒன்று மொத்தமாக எழுந்து அவள் தலைக்கு மேல் வட்டமடித்தது. எதிர்க்கரை மாந்தோப்பு வரை போய்த் திரும்பியபோது விழுந்தாள். எஞ்சின் நின்றது. தலை மேலே வந்தது. மறுபடி ஏறினாள், மறுபடி நின்றாள்.

ஜோதியம்மாள் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. திம்மராயன் பீடி அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "எருமையோட பேச்சே எடுக்கக் கூடாது நானு," என்றார் மெதுவாக.

நடு ஏரியில் அவள் நேராக நின்றுகொண்டு வந்ததைப் பார்த்தபோது, தண்ணீர் ஒரு மனுஷியைத் தாங்கச் சம்மதித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

கரைக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது தாளைத் தேடியது. ஈரக் கையோடு அதைத் திருப்பி, அச்சிட்ட நாற்பத்திரண்டு கேள்விகளுக்கும் கீழே நாற்பத்து மூன்றாவது வரி எழுதினாள்: 'எலுமிச்சம்பழம், டிராலிச் சக்கரத்தில் மட்டும்.' எதிரில் டிக் போட்டாள். பையிலிருந்து ஒரு பச்சை ஸ்டிக்கர் எடுத்துப் படகின் மூக்கில் ஒட்டினாள். பதினொரு ஆண்டில் அவளே வைத்துக்கொண்ட முதல் பச்சை அது. துவைத்த சாக்கில் ஜோதியம்மாள் அவள் தலையைத் துவட்டினாள்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது ஒரு இயந்திரத்தின் முன்னால் விடை தெரியாமல் உட்கார்ந்திருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். முனிலட்சுமியின் பெயரோடு சொல்லுங்கள். எலுமிச்சம்பழத்தை மறைக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் விட்டால் கதை ஓடாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.