கப்பல் செடியின் மொட்டு

மாதா கோயிலில் நடுப்பகல் மணி அடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றும்போது இரும்புக்கயிறு அறுந்து அடைக்கலமேரியின் புருஷன் இக்னேஷியஸ் போய்விட்டார். சொல்ல வந்த வால்டர், கூட வேலை செய்பவன், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. அடைக்கலமேரி கையில் உலையில் போட வேண்டிய அரிசி இருந்தது.

அது எழுபத்திரண்டாம் வருஷ ஐப்பசி. பினாங்குக் கப்பலின் சமையற்காரர் ஒருவர் கொடுத்த செடியில் அப்போதுதான் முதல் மொட்டு விட்டிருந்தது. ஆந்தூரியம், சிவப்பாகப் பூக்கும் என்றாராம். ராயபுரம் சந்தில் எல்லோருக்கும் அது கப்பல் செடி. வெயிலும் ஆகாது, உப்புக்காற்றும் ஆகாது என்பதால் கட்டில் தலைமாட்டில் தொட்டியை வைத்து, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றி வளர்த்தார் இக்னேஷியஸ். வேலைக்குக் கிளம்புமுன் இலைகளில் படிந்த துறைமுகக் கரித்தூளை ஈரத்துணியால் துடைப்பார்.

"பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நாளாவது இப்பிடித் தொடச்சிருப்பியா?" என்பாள் அடைக்கலமேரி.

"உனக்கு வாய் கீது, கேட்டு வாங்கிக்குவே. அதுக்கு இன்னா கீது?"

அம்மையில் போன மகள் ஐரீனுக்குச் சிவப்பு என்றால் உயிர். கல்லறைத் திருநாளன்று அந்தப் பூவை அவளுக்கு வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

கட்டிலை வெளியே தூக்கிப்போட்டு அங்கே சவப்பெட்டியை வைத்தார்கள். தொட்டி தலைமாட்டிலேயே நின்றது. "மண்ணு ரெடியா கீதே" என்று பக்கத்து வீட்டு சுகிர்தம் அதில் முதல் மெழுகுவத்தியை நட்டாள். பிறகு வந்தவர்களெல்லாம் நட்டார்கள். அடைக்கலமேரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் மகளின் குழியையே தோண்டி அவரையும் இறக்கினார்கள். வீடு திரும்பியபோது தொட்டி மண்மேல் மெழுகு மூடிபோல இறுகிக் கிடந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் விளிம்பில் வழிந்தது. அவள் கொண்டை ஊசியால் சுரண்டத் தொடங்கினாள். ஒவ்வொரு சில்லோடும் ஒரு வெள்ளை வேரும் பிய்ந்து வந்தது.

"வுட்டுத் தள்ளு அக்கா. ஆளே போய்ட்டாரு, செடி இன்னாத்துக்கு?" என்றாள் சுகிர்தம்.

"பொண்ணுக்குன்னு சொல்லிட்டுப் போய்க்கிறாரு."

ஒரு பொழுது சுரண்டினாள், வேருக்குப் பயந்து மறுபொழுது விட்டாள். திருநாளுக்கு முந்தின மாலை மொட்டு கறுத்து, விரியாமலே விழுந்தது. மறுநாள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய் இருவருக்கும் பொதுவான அந்த மேட்டில் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தொட்டியருகே உட்காரவில்லை. பாதி மெழுகு இன்னும் பெயர்க்காமல் இருந்தது. கொண்டை ஊசி அதிலேயே குத்தி நின்றது.