பாண்டிலட்சுமியின் வலப்பக்கம்

கம்பெனி வேன் வந்து நின்றதும் பாண்டிலட்சுமி முந்திக்கொண்டு ஏறுவாள். டிரைவருக்குப் பின்னால், வலது ஜன்னலோரம். தூக்குவாளியை மடியில் வைத்து, வலத் தோளைத் தகரத்தோடு அண்டக்கொடுத்து, முகத்தை லேசாக உள்பக்கம் திருப்பிக்கொண்ட பிறகுதான் மூச்சு விடுவாள். கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், வரிசையின் வலக்கோடி இலைதான் வேண்டும். யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால், "எனக்குக் காத்து வேணும் மதினி, இப்படி மாறிக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே இடம் மாற்றிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு அது ஜன்னல் ஆசை.

அவளுக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து, உப்பிய கன்னம் வடிந்தபோது அந்தக் காதும் போயிருந்தது. பட்டாசு ஊரான தாயில்பட்டியில் காது போச்சு என்றால், "வெடியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அடுத்தது, "இவளை உள்ள விடலாமா?" என்பார்கள். அதனால் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த பதினான்கு வருடத்தில் அவள் வீட்டைத் தாண்டி ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. வலப்பக்கமிருந்து கூப்பிட்டுத் திரும்பாமல் போனதில் தலைக்கனம் பிடித்தவள் என்று ஊருக்குள் பேர். அதை அவள் மறுக்கவும் இல்லை. செவிடி என்பதற்குத் தலைக்கனம் எவ்வளவோ தேவலை.

இந்தச் சீசனில் பெண்களில் ஒருத்தியைப் போர்மேனாகப் போடப்போவதாகப் பேச்சு வந்தது. எல்லா வாயிலும் அவள் பேர்தான். வெடிமருந்து ஒரு சிட்டிகை சிந்தினாலும் முதலில் அவள் கண்ணில்தான் படும். யாரையும் வைய மாட்டாள். ஈரத்துணியை எடுத்துத் தானே துடைத்துவிட்டு, சிந்தினவள் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். அவளுக்கும் ஆசை இருந்தது, சொல்ல முடியாத அளவுக்கு. ஆனால் ரூம் ரூமாக நடக்கிற வேலையில் ஜன்னலோரம் ஏது?

ஒருநாள் லீவு போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காது பரிசோதிக்கிற ஆர்த்தி, ஒரு பட்டையைத் தலையைச் சுற்றி மாட்டிவிட்டாள். வலது காதுக்குப் பின்னால், எலும்பின்மேல், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மெஷின் பதிந்து நின்றது.

"செத்த காதுக்கு உயிர் வராதுக்கா. அந்தப் பக்கத்துச் சத்தத்தை எலும்பு வழியா உங்க நல்ல காதுக்கு அனுப்புது. பிடிச்சுப்போச்சுன்னா பின்னாடி சின்ன ஆபரேஷன்ல எலும்பிலேயே பொருத்திக்கிடலாம். ஆனா ஒண்ணு, சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு இது சொல்லாது. எல்லாம் ஒரே காதுக்குத்தானே போகுது."

திரும்பும் பஸ்ஸில் வேண்டுமென்றே இடது ஜன்னலில் உட்கார்ந்தாள். வலப்பக்கம் வந்து உட்கார்ந்த ஒரு பெரியம்மா, "ஏத்தா, இது சாத்தூர் போகுமா?" என்றாள். "போகும் பெரிம்மா" என்று உடனே சொல்லிவிட்டு, பாண்டிலட்சுமி தன் குரலைக் கேட்டுத் தானே அசந்துபோனாள். பெரியம்மா அதோடு விடவில்லை. மூட்டுவலி, மருமகள், மறுபடி மூட்டுவலி. சாத்தூர் வரை வாய் மூடவில்லை. பாண்டிலட்சுமிக்குப் பட்டையைக் கழற்றவும் மனசில்லை.

வீட்டில் காமராஜ், அவள் புருஷன், சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"அப்ப இனிமே நான் அந்தப் பக்கமா நின்னு முணுமுணுக்க முடியாது?"

"இம்புட்டு நாளு முணுமுணுத்தீகளாக்கும்?"

மறுநாள் அதை மாட்டிக்கொண்டே வேனில் ஏறினாள். முக்காட்டுக்குள் மறைத்தாயிற்று, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு. கம்பெனி வாசலில் காவலாளி ஆண்டிச்சாமி கையை நீட்டித் தடுத்தார்.

"என்னத்தா தலையில? பேட்டரி உண்டா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே செல்போன் ஆகாது, டார்ச் ஆகாது, பேட்டரி போட்ட எதுவும் ஆகாது. அதை வருகிறவர்களுக்கெல்லாம் ஓயாமல் சொல்கிறவளே அவள்தான். காது கேட்கப்போகிற சந்தோஷத்தில் தலையில் இருப்பதும் பேட்டரிதான் என்பது மறந்துபோயிற்று.

பின்னால் பெண்கள் தேங்கி நின்றார்கள். முதலாளியின் மகன் சூர்யபிரகாஷ் ஆபீசிலிருந்து இறங்கி வந்தார். பக்கத்திலிருந்த வீரலட்சுமி அவள் இடுப்பைக் கிள்ளினாள். "தலைவலிப் பட்டைன்னு சொல்லிருடி."

சொல்லியிருக்கலாம். பாண்டிலட்சுமி பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வலது காது கேக்காது சார். சின்னதுல இருந்தே. இதை மாட்டுனா கேக்கும். ஆனா உள்ள கொண்டுபோக முடியாது. மாட்டுனாலும் எந்தப் பக்கத்துச் சத்தம்னு தெரியாது. போர்மேன் போடுறதா இருந்தா இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க."

"இத்தனை வருசம் சொல்லவே இல்லையேக்கா?"

"சொன்னா வச்சிருப்பீகளா?"

அவர் பின்னால் தேங்கி நின்ற பெண்களைப் பார்த்தார். "கூட வேலை பாக்குறவுக உசுரு இது. அவுகளைக் கேட்டுத்தான் நான் முடிவு சொல்ல முடியும்."

அன்று முழுக்க அவள் குனிந்த தலை நிமிரவில்லை. போர்மேன் வேலை இருக்கட்டும், இருக்கிற வேலையே நிலைக்குமா என்ற நினைப்புத்தான். சாயங்காலம் வேன் கிளம்பும் நேரத்தில் சூர்யபிரகாஷ் வந்து நின்றார்.

"எல்லாரையும் கேட்டுட்டேன்க்கா. அவுக பாத்துக்கிடுவாகளாம். சிவகாசியில போர்மேன் வகுப்புக்கு உங்க பேரைக் கொடுத்திருக்கேன். அங்கன அந்த மெஷினை மாட்டிக்கிட்டே உக்காருங்க, முன்வரிசையில."

வேனில் எல்லோரும் ஏறியிருந்தார்கள். வலது ஜன்னலோரம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஒரே நாளில் தெரிந்து ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்களே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

வகுப்பு முடிந்து போர்மேன் ஆனாள். காலையில் ஆண்டிச்சாமி அவள் மெஷினை வாங்கி, செல்போன் பெட்டியில் போடாமல் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். உள்ளே போனால் அவளுக்குக் கண்தான் காது. நாலு வாசலும் தெரிகிற இடம் பார்த்து நிற்பாள். பேச வேண்டியவள் கையைத் தூக்கினால் போதும், பாண்டிலட்சுமியே பக்கத்தில் போய்விடுவாள்.

தீபாவளி முடிந்து, அச்சங்குளத்திலிருந்து பாண்டிமீனா என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். முதல் நாள். ஏதோ கேட்க எழுந்தவள், பாண்டிலட்சுமியின் வலக்கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து நின்றாள்.

"ஏத்தா, நேரா வராம சுத்தி வர்றே?"

"வேன்ல சொல்லிவிட்டாகக்கா. கொலுசைக் கழட்டிரு, உடம்புக் கரண்டு இறங்க வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டுட்டு உள்ள போ, பாண்டிலட்சுமி அக்காகிட்ட இடப்பக்கமாப் போய்ப் பேசுன்னு."

வாசலில் தான் சொன்ன பிறகு வந்த வழக்கம் என்று நினைத்து அவள் வீரலட்சுமியைப் பார்த்தாள். வீரலட்சுமி திரி அடுக்குகிற கையை நிறுத்தவில்லை.

"நான் வந்த அன்னைக்கு எனக்கும் இதே மூணுதான்டி சொன்னாக."

வீரலட்சுமி வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது.