புளி போட்டுத் தேய்த்த காசு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கங்க.

அப்போ ராயபுரத்தில் இருந்தோம். துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து அப்பாவுக்குக் கால் போச்சு. வாடகை நின்றதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்பாவிடம் கறுத்துப்போன பழைய கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒன்று இருந்தது. பழங்காசு வாங்குகிற கடைக்காரர் ஒருத்தர் முன்பே அதைப் பார்த்து, "முதல் தரம், வித்தா என்கிட்டயே கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாங்க.

கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது அந்தக் காசாம்மா?"

"அதேதான் நைனா. அழுக்கா குடுக்கக்கூடாதுன்னு நேத்து புளி போட்டுத் தேச்சேன். பாரு, இன்னா பளபளன்னு கீது."

"அந்தக் கறுப்புக்குத்தாம்மா விலை. தோலை உரிச்சிட்டீங்களே. இனிமே இது கடைசித் தரம்."

அம்மா சரி என்றாங்க. அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டாங்க. அது வாடகைக்குப் போதவில்லை.

வீட்டைக் காலி பண்ணினப்போ, பாத்திரங்களை அம்மா தேய்க்காமலே மூட்டை கட்டினாங்க.

புளி பட்டால் காசின் தரம் நிஜமாகவே போய்விடுமா, இல்லை கடைக்காரர் விலையைக் குறைப்பதற்காகச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்க.