நேராக ஓடும் நீரில் ஐந்து மதிப்பெண்

மாணவர்கள் வைத்த பெயர் ‘நிக்காத டீச்சர்’. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் இடையே மணிக்கணக்காக நடப்பார். கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக இயற்பியல் ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் துறைத்தலைவர் பரிந்துரைத்தால்தான் மறுநியமனம்.

கதிரியக்கத்தில் அணுக்கருக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் காலமே அரை ஆயுள். அதைச் சொல்லித்தர வகுப்பையே எழுப்பி நிறுத்தி, ஆளுக்கொரு நாணயம் சுண்டச் சொல்வார். தலை விழுந்தவர்கள் உட்கார வேண்டும். அறுபது பேர் முப்பத்தொன்றாகி, பதினாலாவார்கள்.

“அடுத்து யாரு உக்காருவா டீச்சர்?”

“ஏறக்குறையப் பாதிப் பேர். அதுவரைக்கும் அறிவியல். யாருன்னு சொல்றது ஜோசியக்காரர் வேலை. அவராலயும் முடியாது.”

வெக்டர் கால்குலஸில் ‘கர்ல்’ என்கிற சுழற்சி வந்துவிட்டால், வகுப்பே கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் வாய்க்காலுக்குப் போகும். தக்கையில் நான்கு பிளாஸ்டிக் தகடு செருகிய சக்கரத்தை மிதக்கவிடுவார்.

“தண்ணி நேராத்தானே போகுது, எங்க சுத்தப்போகுது?” என்பான் ஒருவன்.

நடுவில் விட்ட சக்கரம் சும்மா மிதந்து போகும். கரையோரம் விட்டதும் கிறுகிறுவென்று சுற்றும்.

“நடுவுல ஓட்டம், ஓரத்துல மந்தம். ஒரு பக்கம் அதிகமாத் தள்ளினா சுத்தாம என்ன செய்யும்? பாதை நேரா இருக்கான்னு பாக்காத. பக்கத்துப் பக்கத்துல வேகம் மாறுதான்னு பாரு.”

இந்த ஆண்டு விடைத்தாள் திருத்தும் முகாமில் அதே கேள்வி. நீர் நேராக ஓடுகிறது, நடுவில் வேகம், கரையில் மந்தம், சுழற்சி உண்டா? விடைக்குறிப்பு சொன்னது: ‘இல்லை. ஓட்டம் நேரானது.’

முகம் தெரியாத பிள்ளைகள் பலர் ‘உண்டு’ என்று காரணத்தோடு எழுதியிருந்தார்கள். அதிகாரத்துக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருந்த குற்றத்துக்குத் தண்டனை, ஐந்து மதிப்பெண் இழப்பு. ஒரு மாணவி முப்பத்தொன்றில் நின்றாள். தேற முப்பத்தைந்து வேண்டும்.

தலைமைத் தேர்வாளர் வேறு யாருமல்ல, அதே துறைத்தலைவர்தான். குறிப்பும் அவர் கைவண்ணம்.

“சார், குறிப்பு தப்பு.”

“ஏம்மா, அச்சுல வந்தாச்சு. அதுபடி திருத்துங்க.”

“அச்சுல வந்தா தண்ணி கேக்குமா சார்?”

“உங்க நியமனத்துக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடலை. ஞாபகம் இருக்கட்டும்.”

டீச்சர் மேசைக்குத் திரும்பினார். பதினேழு தாள்களில் ஐந்து ஐந்தாகப் போட்டு, ‘விடைக்குறிப்பு தவறு’ என்றெழுதிக் கையெழுத்திட்டார். பல்கலைக்கழகத்துக்குக் கணக்கோடு புகாரும் அனுப்பினார்.

மூன்று வாரத்தில் இரண்டு உத்தரவுகள் வந்தன. மறுநியமனப் பட்டியலில் அவர் இல்லை. அந்தக் கேள்விக்கு எதை எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் ஐந்து மதிப்பெண். பிழை யாருடையது என்று ஒரு வரி கிடையாது.

“அந்தப் பொண்ணு பாஸ். உன் வேலை காலி. இனியாவது சும்மா இரேன் அக்கா,” என்றான் எலக்ட்ரீஷியன் தம்பி.

“இல்லைன்னு எழுதினவனுக்கும் அஞ்சாம்டா! அப்போ தண்ணி சுத்துதா, சுத்தலையா?”

“இன்னொரு புகாரா? யாருக்கு?”

“துணைவேந்தருக்கு. அவரு என்ன படிச்சவரு?”

“வரலாறுன்னு பேப்பர்ல போட்டிருந்தான்.”

“ஐயையோ! அப்போ முதல்லருந்து நடத்தணுமே,” என்று இன்னும் நாலு வெள்ளைத்தாள் எடுத்துக்கொண்டார்.