தூண் வரைபடம், மதியம் 1:20

நான் கதை விடுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். இது நடந்தது பட்டப்பகலில். வேலை போனது எனக்கு.

கட்டட வரைபடம் போடும் ஆபீஸ். நானும் அக்கா புருஷனும் ஒரே அறை. எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாமாதான். செவ்வாய்க்கிழமை யாரோ தூண் வரைபடத்தில் எட்டுக் கம்பியை ஆறாக்கி, எங்கள் அறையின் பொதுக் கணக்கிலிருந்து சர்வரில் ஏற்றியிருந்தார்கள். சர்வர் காட்டிய நேரம் மதியம் 1:20. அப்போது மாமா சாப்பிடப் போயிருந்தார். அறையில் நான் மட்டும்.

"நான் அந்தப் பக்கமே போகல மாப்ள," என்றார் மாமா. நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மாமா லீவு. இன்ஜினியர் என் மேசைக்கு வந்தார்.

"அஞ்சு மணிக்குள்ள நீ செய்யலன்னு காட்டு. இல்லன்னா கிளம்பு."

3:10-க்கு ஒரு வெற்றுக் கோப்பை எஃப்டிபி வழியாகச் சர்வரில் ஏற்றிப் பார்த்தேன். பட்டியலில் 4:10 என்று விழுந்தது. அப்படியானால் சர்வரின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. செட்டிங்கில் ஒரு மணி நேரம் குறைத்தேன். எல்லாக் கோப்புகளின் நேரமும் சரியானது. தூண் வரைபடம்... 12:20.

12:20-க்கு நான் கட்டுமான சைட்டில் இருந்தேன். அறையில் இருந்தவர் மாமா. கூடவே இருந்து குழி பறித்திருக்கிறார்.

3:42. பட்டியலை மறுபடி திறந்தேன். அந்த ஒரு கோப்பு மட்டும்... 1:20.

யார் மாற்றியது என்று சர்வரின் பதிவேடான லாகில் பார்த்தேன். மாமாவின் பெயர். எதிர் மேசையில் அவர் கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

அவர் கணக்கை முடக்கினேன். நேரத்தைத் திருத்தினேன்.

3:51. மறுபடி 1:20.

இந்த முறை லாகில் என் பெயர். மாமாவின் பெயர் இருந்த முந்தைய வரியிலும்... என் பெயர்.

எதிர் மேசையில் கீபோர்டு சத்தம். டக்... டக்...

யாரும் இல்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார்.

"ஏன் மாமா?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க மாப்ள... நீ தனிக்கட்டை."

போனுக்குள்ளும் அதே சத்தம். டக்... டக்...

5:00. இன்ஜினியர் லாகைப் பார்த்தார். கோப்பின் நேரத்தை நானே மாற்றியதாக அதில் இருந்தது. கதவைக் காட்டினார்.

5:25. அக்கா போனில் அழுதாள். மாமாவின் பைக்கை லாரி அடித்துவிட்டதாம். அவர் போன் சக்கரத்தில் நசுங்கித் தூளாகிவிட்டதாம்.

ஆஸ்பத்திரிச் சீட்டை மறுநாள் பார்த்தேன். உயிர் பிரிந்த நேரம், மாலை 3:35.

3:42-க்குக் கோப்பு மாறியிருந்தது. ஏழே நிமிடம். அக்காவிடம் போகவில்லை, பிள்ளைகளிடம் போகவில்லை. செத்ததும் அவர் நேராக வந்தது என்னை மாட்டிவிடத்தான்.